மூன்றாவது கொட்டகையில் வைஃபை வந்த நாள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேரிடமும் வந்து ஏதாவது பேச வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எனக்குப் பேச்சு வராது. பேசினால் பாதியில் வேறெங்கோ போய்விடுவேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. சுங்கைப் பட்டாணியில் நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அதே மாடியில்தான் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். தோட்டத்திலும் பண்ணையிலும் சின்னக் கணினிகளைப் பொருத்திவிட்டு, அவை பேச மறுக்கும்போது போய்ப் பேச வைப்பதுதான் என் வேலை. எந்தக் கட்டளையை எங்கே அடிக்க வேண்டும் என்பதை நீங்கள் என்னைவிட வேகமாகத் தேடிக் கண்டுபிடிப்பீர்கள். அதை விட்டுவிடுகிறேன். கணினியில் செருகும் ஒரு சின்ன வைஃபை அடாப்டர் வேலை செய்யாமல் போன ஒரு பகல்பொழுதில் நான் எடுத்த முடிவுகளைச் சொல்கிறேன். சில தப்பு, சில சரி. சரியானவை கொஞ்சம் கூடுதலாக இருந்ததால்தான் இன்றைக்கு இதை எழுத முடிகிறது.

சுங்கை லாலாங் பக்கம் காதர் அண்ணனுடைய கோழிப் பண்ணை. அவருக்கு அலோர் ஸ்டாரில் சாப்பாட்டுக் கடை. பழைய ரப்பர் நிலத்தை வாங்கி நான்கு மூடிய கொட்டகைகள் கட்டியிருந்தார். மூடிய கொட்டகை என்றால் சன்னல் கிடையாது. ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பெரிய காற்றாடிகள். அவை ஓடிக்கொண்டே இருந்தால்தான் உள்ளே காற்று. மதிய வெயிலில் காற்றாடி நின்றால் வளர்ந்த கோழிகள் அரை மணி நேரம் தாங்குவதே பெரிது. காற்றாடிகளை ஓட்டுவது வேறொரு பெட்டி. நம்முடைய சின்னக் கணினி வெப்பத்தையும் காற்றாடிகளையும் பார்த்துக்கொண்டிருக்கும். ஏதாவது தவறினால் மேட்டில் இருக்கும் வீட்டுக்கு வைஃபை வழியாகச் செய்தி அனுப்பும். வீட்டில் சைரன் அலறும், கைப்பேசிகளும் அலறும்.

பண்ணையை நடத்தியது பார்வதி. நாற்பத்தைந்து வயதிருக்கும். அதே பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நம் கணினியைப் பொருத்துவதற்கு முன்னால் ஒரு நாள், மருந்து வாங்க பீடோங் வரை போயிருக்கிறார். போய் வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் மூன்றாவது கொட்டகையில் மின்சாரம் போய்விட்டது. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது சத்தமே இல்லையாம். சில ஆயிரம் கோழிகள். அவற்றைப் புதைக்க இரண்டு நாள் ஆயிற்று. காதர் அண்ணன் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் தாங்க முடியவில்லை என்று பார்வதி பிறகு ஒருமுறை என்னிடம் சொன்னார்.

மார்ச் மாதக் கடைசி. பகலெல்லாம் வெயில், சாயங்காலம் இடி. முந்தின நாள் சாயங்காலம் மின்னல் இறங்கி, அதே மூன்றாவது கொட்டகையின் அடாப்டர் கருகிப்போனது. கணினி பிழைத்துக்கொண்டது. காலை எட்டு மணிக்குப் பார்வதி அழைத்தார். நான் அலமாரியில் புதிதாக வந்திருந்த பெட்டியிலிருந்து இரண்டு அடாப்டர்களை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பழையதும் புதியதும் ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே அட்டை. பத்து நிமிட வேலை, மாட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் தப்பு அது. கிளம்பும் முன் நம் மேசையில் இருக்கும் சோதனைக் கணினியில் ஒன்றைச் செருகிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஒரே பெயரில் விற்கிறவர்கள் உள்ளே இருக்கும் சில்லை மாற்றிவிடுவார்கள், அது எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் மாற்றிவிடுவார்கள். அட்டையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு எண் மட்டும் மாறியிருக்கும். அன்றைக்கு மாறியிருந்தது. நான் பார்க்கவில்லை.

செருகினேன். விளக்கு எரியவில்லை. வைஃபை என்று ஒன்று இருப்பதாகவே கணினிக்குத் தெரியவில்லை. இன்னொன்றைச் செருகினேன். அதுவும் அப்படியே. இரண்டும் கெட்டுப்போயிருக்க முடியாது. புதுச் சில்லு, அதை இயக்க வேண்டிய மென்பொருள், அதாவது டிரைவர், நம் கணினியில் இல்லை என்று முடிவு கட்டினேன். டிரைவர் இல்லாத அடாப்டர், மொழி தெரியாத ஊருக்கு வந்த ஆள் மாதிரி. பேசும், யாருக்கும் புரியாது.

"எவ்வளவு நேரம் ஆகும்க்கா?" என்று பார்வதி கேட்டார்.

"பதினொரு மணிக்குள்ள முடிச்சிடலாம்."

"நாலு மணிக்கு லாரி வருது. மேட்டுல ஒண்ணாம் நம்பர்ல கோழி புடிக்கணும். நானும் ரெண்டு ஆளும் மேல இருந்தே ஆகணும். அதுக்குள்ள ஆயிடும்ல?"

"ஆயிடும் பார்வதி."

இரண்டாவது தப்பு. தெரியாத ஒன்றுக்கு நேரம் சொல்லிவிட்டேன்.

ஆனால் அதற்கு அடுத்து நான் செய்தது சரி. அதற்குக் காரணம் பாலிங் ஊரில் பட்ட அடி. பல வருடங்களுக்கு முன் அங்கே ஒரு ரப்பர் பால் நிலையத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினியை அழகுக்காகப் புதுப்பிக்கப் போய், அது எழுந்திருக்காமலே போய்விட்டது. பால் கொண்டு வந்தவர்கள் வாளிகளோடு வெயிலில் நின்றார்கள். எனக்கு மேலே இருந்தவர் மறுநாள் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு காலி மெமரி கார்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து எதையும் தொடுவதற்கு முன் முழுவதையும் நகல் எடுத்துவிடுவேன். மூன்றாவது கொட்டகையிலும் எடுத்தேன். இருபது நிமிடம் ஆயிற்று. பார்வதி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தலை நிமிரவில்லை.

நகல் ஓடும்போதே இன்னொன்றும் சொன்னேன். "இது சரியாகிற வரைக்கும் கொட்டாய்க்குள்ள ஒரு ஆள் உக்காரணும். தெர்மாமீட்டர் வச்சுக்கிட்டு."

"நானே உக்காந்துக்கறேன்" என்று பார்வதி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். மெஷின் கெட்டால் முதலில் அதன் இடத்தில் ஒரு மனிதரை உட்கார வையுங்கள். பிறகு மெஷினைப் பாருங்கள்.

அந்தக் கொட்டகை இருக்கும் பள்ளத்தில் கைப்பேசிக்கு லைன் கிடையாது. சுற்றிலும் செம்பனை, மேலே தகரக் கூரை. டிரைவர் வேண்டுமென்றால் மேட்டில் இருக்கும் வீட்டுக்கு ஏறிப்போய், இறக்கி, பென்டிரைவில் போட்டு, மறுபடி இறங்கி வர வேண்டும். இருநூறு மீட்டருக்கு மேல் ஏற்றம். அப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. முழங்கால் ஒவ்வொரு தடவையும் கணக்கு வைத்துக்கொண்டது.

இரண்டாவது முறை ஏறியபோது, உதிரியாக இருந்த அடாப்டரை மேட்டு வீட்டின் ஆபீஸ் அறை மேசையில் வைத்துவிட்டு மடிக்கணினியில் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு ஆளைக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டுப் பார்வதி தண்ணீர் குடிக்க மேலே வந்தார். மேசையில் கிடந்ததைப் பென்டிரைவ் என்று நினைத்து எடுத்து ஆபீஸ் கணினியில் செருகினார். மாதா மாதம் பண்ணை ரிப்போர்ட்டை நாங்கள் பென்டிரைவில் கொடுப்பது வழக்கம்.

"அக்கா, இதுல ரிப்போர்ட்டு இல்லியே. செட்டப்புன்னு ஒண்ணுதான் இருக்கு."

"அய்யோ பார்வதி, அது பென்டிரைவ் இல்ல. வைஃபை. கழட்டி வச்சிடுங்க."

"பென்டிரைவ் மாதிரிதான் தொறக்குது."

நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுக் கழற்றி வைத்தார். அந்தச் சிரிப்பை நான் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. பதில் என் கைக்கு வந்தது, நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று டிரைவர் முயன்றேன். ஒன்று ஏறவே இல்லை. இன்னொன்று ஏறியது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவதை ஏற்றிக் கணினியை மறுபடி எழுப்பியபோது அது எழவில்லை. திரை கறுப்பு. மணி ஒன்றரை. வாளியில் உட்கார்ந்திருந்த பார்வதி என் முகத்தைப் பார்த்தார், தெர்மாமீட்டரைப் பார்த்தார்.

காலையில் எடுத்த நகல் மட்டும் இல்லையென்றால் நான் அங்கேயே அழுதிருப்பேன். அந்தக் கார்டைப் போட்டேன். பழைய நிலைக்குத் திரும்பியது. வைஃபை இல்லாத, ஆனால் உயிருள்ள கணினி.

மறுபடி டிரைவர் தேட மேலே ஏறியிருந்தபோது, மூன்று மணிக்கு ஆபீஸ் தொலைபேசியில் காதர் அண்ணன் அழைத்தார்.

"தங்கச்சி, லாரிய கெளம்பச் சொல்லலாமா?"

"இன்னும் வேல செய்யலண்ணே."

"ஆயிடும்ல? நீ ஆயிடும்னு சொன்னா கெளம்பச் சொல்லிர்றேன்."

உங்களுக்கும் இப்படி ஒரு கேள்வி வரும். கேட்பவர் நல்லவராக இருப்பார். ஆயிடும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் மனசு நிம்மதியாகும், நமக்கும் ஒரு மணி நேரம் கிடைக்கும். காலையில் பார்வதியிடம் அந்த வார்த்தையைச் சொல்லியாயிற்று. இரண்டாவது முறை வாய் வரவில்லை.

"தெரியலண்ணே. என்ன பிரச்சனைன்னே எனக்கு இன்னும் புடிபடல. லாரி வரட்டும், ஆனா மூணாம் நம்பர் இன்னைக்கு கண்ணில்லாமதான் இருக்குன்னு நெனச்சு நீங்க முடிவு பண்ணுங்க."

"சரி. லாரி வரட்டும். பார்வதிகிட்ட கேட்டுட்டு புடிக்கிறதா வேணாமான்னு பாத்துக்கலாம். நீ பதட்டப்படாம பாரு. ரொம்ப சூசான்னா, கஷ்டமா இருந்துச்சுன்னா, விட்டுரு."

கீழே இறங்கி வந்து பார்வதியிடம் சொன்னேன். நான் வேண்டுமானால் வாளியில் உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் மேலே போங்கள் என்றும் சொன்னேன்.

"உங்களுக்குக் கோழி தெரியுமாக்கா?"

"தெரியாது."

"அலாரம் இல்லாம இந்தக் கொட்டாய வுட்டுட்டு நான் போவ மாட்டேன். லாரி திரும்பிப் போனாலும் சரி, அண்ணே ஏசினாலும் சரி." குரல் உயரவில்லை. தெர்மாமீட்டரைத் தூக்கி மறுபடி பார்த்தார்.

ஒன்றும் தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு ஒரு வசதி வந்தது. இனி என் கெட்டிக்காரத்தனத்தைக் காப்பாற்ற வேண்டியதில்லை. முதலிலிருந்து பார்க்கலாம். டிரைவர் இல்லை என்று நான்தானே முடிவு கட்டினேன்? கணினி அப்படிச் சொல்லவில்லையே. அது என்னதான் சொல்கிறது என்று, செருகியிருப்பவற்றின் பட்டியலை வரி வரியாகப் படித்தேன். இரண்டு பென்டிரைவ்கள் இருந்தன.

நான் செருகியிருந்தது ஒன்றுதான்.

காலையிலிருந்து டிரைவர் சுமந்து வந்த பென்டிரைவ் அதிலேயே கிடந்ததால், பட்டியலில் பென்டிரைவ் என்று பார்த்ததும் என் கண் தாண்டிப் போயிருக்கிறது. இரண்டு இருப்பதை எண்ணவே இல்லை.

"பார்வதி, காலையில என்ன சொன்னீங்க?"

"எப்ப?"

"அந்த அடாப்டர ஆபீஸ் கணினில போட்டப்ப."

"பென்டிரைவ் மாதிரி தொறக்குதுன்னேன். நீங்க சிரிச்சீங்க."

அதுதான் விஷயம். அந்தப் புது அடாப்டர், செருகியதும் தன்னை ஒரு பென்டிரைவ் என்றுதான் அறிமுகம் செய்துகொள்கிறது. வீட்டுக் கணினி வைத்திருப்பவர்கள் தனியாக டிரைவர் தேடி அலையக் கூடாதென்று, அதை உள்ளேயே வைத்து விற்கிறார்கள். நிறுவி முடித்ததும் அந்த வேஷம் கலைந்து வைஃபையாக மாறும். நம் சின்னக் கணினிக்கு அந்தச் சடங்கு தெரியாது. பென்டிரைவ் என்றால் பென்டிரைவ், அவ்வளவுதான். வெளியேற்று என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும், வேஷம் கலையும்.

கொடுத்தேன். மூன்று வினாடி. நீல விளக்கு எரிந்தது. பட்டியலில் புதுப் பெயர். அதற்கான டிரைவர் முதலிலிருந்தே நம் கணினிக்குள் இருந்திருக்கிறது. நான்தான் இல்லாத ஒன்றைத் தேடி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேட்டு வீட்டின் வைஃபை பெயர் திரையில் வந்தது. இணைந்தது. சோதனைக்காக ஒரு செய்தி அனுப்பினேன். மேலே சைரன் அலறியது பள்ளம் வரைக்கும் கேட்டது.

பார்வதி எழுந்து நின்றார். அதே நேரம் வாசலில் லாரியின் ஹார்ன்.

"வந்துட்டாங்க. நான் போலாமாக்கா?"

அன்றைக்கு நான் எடுத்த முடிவுகளிலேயே கடினமானது இதுதான். எல்லாம் ஓடுகிறது. லாரி நிற்கிறது. ஆட்கள் காத்திருக்கிறார்கள். போங்கள் என்று சொல்லலாம்.

"பத்து நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு கணினியின் மின்சாரத்தைப் பிடுங்கினேன்.

"ஏன்க்கா?" பார்வதிக்கு முகமே மாறிவிட்டது.

"தானா எழுந்து வருதான்னு பாக்கணும்."

மறுபடி செருகினேன். எழுந்தது. நீல விளக்கு எரியவில்லை. அடாப்டர் மறுபடி பென்டிரைவாக உட்கார்ந்திருந்தது. நான் பக்கத்திலிருந்து வெளியேற்று என்று சொன்னால்தான் மாறும். மின்சாரம் ஒரு வினாடி போய் வந்தாலும் கண் மூடிக்கொள்ளும்.

லாரிக்காரர் இன்னொரு முறை ஹார்ன் அடித்தார். நான் உட்கார்ந்து, இந்த அடாப்டரைக் கண்டால் நீயே அந்தக் கட்டளையைக் கொடுத்துவிடு என்று கணினிக்கு நிரந்தரமாக ஒரு விதி எழுதி வைத்தேன். நான்கு வரிதான். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மறுபடி மின்சாரத்தைப் பிடுங்கினேன். செருகினேன். இருவரும் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு நிமிடம் போல ஆயிற்று. நீலம். மேலே சைரன். நான் எதையும் தொடவில்லை. இன்னொரு முறையும் பிடுங்கிப் பார்த்தேன். வந்தது.

"இப்ப போங்க" என்றேன்.

ஒரு பொருள் வேலை செய்கிறது என்பதை நம்பாதீர்கள். நீங்கள் அங்கே இல்லாதபோது, விழுந்து, தானாக எழுந்து, மறுபடி வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு நம்புங்கள். நாம் வீட்டுக்குப் போய்விடுவோம். அது அங்கேயே இருக்கப்போகிறது.

நான் சாமான்களை எடுத்து வைத்துவிட்டு மேலே ஆபீசில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டேன். பார்வதி வைத்திருந்த மதியச் சோறு, ஐந்து மணிக்கு மேல். ஒன்றாம் கொட்டகையில் கோழி பிடிக்கும் சத்தம். ஐந்தரை இருக்கும். சைரன் அலறியது.

நான் சோதனை எதுவும் செய்யவில்லை.

கையைக்கூடக் கழுவாமல் கைப்பேசியைப் பார்த்தேன். மூன்றாம் கொட்டகை, காற்றாடி எல்லாம் நின்றுவிட்டன. வெளியே வந்தபோது பார்வதி ஏற்கனவே பாதி இறக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தார். செருப்பு ஒன்று வழியில் கிடந்தது. பின்னால் இரண்டு ஆட்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பக்கவாட்டில் சுவருக்குப் பதிலாக இழுத்துக் கட்டியிருந்த படுதாக்களை அவர்கள் அவிழ்த்து இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே காற்று புகுந்துகொண்டிருந்தது. பார்வதி மின்பெட்டியைத் திறந்து, விழுந்திருந்த பிரேக்கரைத் தூக்கினார். காற்றாடிகள் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு சுழல ஆரம்பித்தன.

முந்தின நாள் மின்னல் அந்தப் பிரேக்கரையும் பாதி தின்றிருக்கிறது, வெயிலில் சூடேறி விழுந்துவிட்டது என்று மறுநாள் வந்த மின்பணியாளர் சொன்னார். நான் கணினியின் பதிவைப் பார்த்தேன். பிரேக்கர் விழுந்த அதிர்ச்சியில், தனி மின் இணைப்பில் இருந்த கணினியும் ஒருமுறை அணைந்திருக்கிறது. அணைந்து, தானாக எழுந்து, அடாப்டரின் வேஷத்தைக் கலைத்து, மேட்டு வீட்டோடு இணைந்து, காற்றாடிகள் நிற்பதைப் பார்த்து, செய்தி அனுப்பியிருக்கிறது. மொத்தம் இரண்டு நிமிடம்கூட இல்லை. அந்த நான்கு வரியை எழுதாமல் நான்கு மணிக்கே போங்கள் என்று சொல்லியிருந்தால், அது பென்டிரைவைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கும். நான் மேலே சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

பார்வதி கொட்டகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாக நடந்து போனார். கோழிகள் அவர் காலுக்கு இடையில் விலகி விலகி வழிவிட்டன. ஒரே இரைச்சல். திரும்பி வந்தபோது அவர் முகத்தை நான் பார்த்தேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

காதர் அண்ணனுடைய கைப்பேசியிலும் அலாரம் அடித்திருக்கும். நாங்கள் மேலே ஏறி வந்தபோது ஆபீஸ் தொலைபேசி விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. பார்வதி ஒலிபெருக்கியில் போட்டார்.

"மூணாம் நம்பரா?" காதர் அண்ணன் கேட்டார். "எத்தன போச்சு பார்வதி?"

"ஒண்ணும் போவலண்ணே. எல்லாம் தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்கு."

அந்தப் பக்கத்தில், கடையில் தட்டு அடுக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"அண்ணே, கேக்குதா?"

"கேக்குதுமா."

"அப்ப வைக்கிறேன். ஒண்ணாம் நம்பர்ல இன்னும் பாதி கோழி புடிக்கணும், லாரிக்காரரு ஏசுவாரு லா" என்று சொல்லிவிட்டு, ஒரு கால் செருப்போடு பார்வதி வேலையைப் பார்க்கப் போனார்.